பத்மா மணலில் மெத்தைகள்

எங்கள் அறைக்கு வருகிறவர்கள் கட்டிலில் உட்காரக் கூடாது. கோஹினூர் அக்கா போட்ட சட்டம் அது. வருகிறவள் யாராயிருந்தாலும் பையை வராந்தா ஆணியில் மாட்டிவிட்டு, அறை நடுவில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகலாம். சுவரில் சாயக் கூடாது. துணி மூட்டையோடு வந்தால் பேச்சே கிடையாது, வாசலோடு சரி.

"இது ரூமா, விசா ஆபீஸாக்கா?" என்று ரெஹ்னுமா கேட்பாள். அவளும் நானும் இரண்டாம் வருஷம், கோஹினூர் அக்கா கடைசி வருஷம். "ஒரு முத்திரை செஞ்சு தரேன். வர்றவ நெத்தியில ஒண்ணு குத்தி உள்ள விடு."

"குத்துவேன். முதல் குத்து உனக்குத்தான். நேத்து கேன்டீன் பெஞ்சுல உருண்டுட்டு வந்து அப்படியே கட்டில்ல விழுந்தியே, நான் பார்க்கலன்னு நினைச்சியா?"

மூட்டைப்பூச்சிதான் காரணம். எங்கள் விடுதியில் அது இல்லாத அறை கிடையாது, எங்கள் அறையைத் தவிர. மற்ற அறைகளில் சுவரெல்லாம் நசுக்கிய பழுப்புக் கோடுகள் இருக்கும். எங்கள் சுவர் வெள்ளையாக இருந்தது. கட்டில்கள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிடந்தன. ஒவ்வொரு காலும் சோப்புத் தண்ணீர் ஊற்றிய பால் டப்பாவுக்குள் நின்றது. பலகை இடுக்குகளில் அக்கா மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி அடைத்திருந்தாள். விரிப்பு வெள்ளை நிறத்தில்தான் இருக்க வேண்டும், அழுக்குத் தெரிய அல்ல, பூச்சி தெரிய. விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலையில் ஊரே மெதுவாகக் கண் விழிக்கும்போது, அவள் மெத்தையை மடியில் போட்டுக்கொண்டு, தையல் ஓரத்தை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்ப்பாள், பிள்ளைக்குத் தலை பார்க்கிற மாதிரி.

நாலாவது கட்டில் காலியாக இருந்தது. ஷாஹீனூர் என்றொருத்தி அதில் இருந்தாள், குளிர்காலத்தில் கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். அக்கா அன்றைக்கே அதன் பலகைகளைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, துணியில் சுற்றி மூலையில் நிறுத்திவிட்டாள். புது ஆளைப் போடும்படி வார்டனிடம் யாரும் கேட்கவில்லை. நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

விடுதிக்குப் பின்னால் பத்மா ஆறு. ஆற்றுக்கும் எங்களுக்கும் நடுவே கரைமேடு, மேட்டின் மேல் வரிசையாக இலவ மரங்கள். வருஷக் கடைசியில் சைத்ர மாதம் வந்துவிட்டால் ஜன்னலைத் திறந்தால் ஆறு இருக்காது. அது கிடந்த இடத்தில் வெள்ளை மணல் கிடக்கும், வெகு தூரத்தில் ஒரு நீலக் கோடு மட்டும் நடுங்கும். அந்த வருஷம் வெயில் முன்னாலேயே வந்துவிட்டது. இலவங்காய்கள் வெடித்து, பஞ்சு நாள் முழுக்கக் காற்றில் அலைந்தது. மத்தியானத்தில் விடுதி தண்ணீருக்கு அடியில் இருப்பது போலிருக்கும். எந்தச் சத்தமும் முழுதாகக் காதுக்கு வந்து சேராது.

கீழ்த்தளத்தில் கூட்ட அறை என்று ஒன்று உண்டு. முதல் வருஷத்துப் பெண்கள் எல்லாரும் தரையில் வரிசையாகப் படுக்கிற பெரிய கூடம். மேலே அறை கிடைக்கும்வரை அங்கேதான். அங்கிருந்து வருகிற பெண்கள் மாடிப்படியில் கைப்பிடியைத் தடவித் தடவித்தான் ஏறுவார்கள். ஒருத்தி பல் தேய்த்துக்கொண்டே தூங்கிப்போய்க் குழாயில் நெற்றியை இடித்துக்கொண்டாள். இன்னொருத்தி வகுப்பில் தன் பெயரைக் கூப்பிட்டபோது "வரேம்மா" என்று பதில் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற அளவுக்கு யாரும் விழித்திருக்கவில்லை.

ஒரு மத்தியானம் நான் குளித்துவிட்டு வரும்போது எங்கள் வாசலுக்கு வெளியே ஒரு பெண் குந்தி உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒல்லிப் பெண். கழுத்திலிருந்து தோள்வரை, யாரோ சிவப்பு நூலால் தைத்த மாதிரி வரிசையாகத் தடிப்பு. தலையில் ஒரு துண்டு இலவம்பஞ்சு வந்து உட்கார்ந்திருந்தது.

"ஏய், யாரு நீ? இங்க என்ன பண்ற?"

கண்ணைத் திறந்தாள். என்னைத்தான் பார்த்தாள், ஆனால் பார்வை வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஜொனாகி. கூட்ட அறை. உங்க ரூம்ல கடிக்காதாமே. அதான், வாசலுக்கு வெளியில இருந்தாலும் கடிக்காதான்னு பார்த்தேன்."

உள்ளேயிருந்து ரெஹ்னுமா சிரித்தாள். "ஜொனாகியா? மின்மினின்னு பேர் வச்சிருக்காங்க, இது அணைஞ்சுபோன மின்மினியால்ல இருக்கு." பிறகு வாசலுக்கு வந்து அவள் கழுத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

கோஹினூர் அக்கா நூலகத்திலிருந்து திரும்பி வந்து எங்கள் மூவரையும் பார்த்தாள். ஜொனாகி எழுந்து நின்றாள்.

"அக்கா, ஒரே ஒரு மணி நேரம். தரையில போதும். மூணு வாரமா ராத்திரி லைட்டைப் போட்டுட்டு உக்காந்தே இருக்கோம். அணைச்சா வந்துடுது."

"கட்டில் இல்லம்மா."

"ஒண்ணு காலியா இருக்குன்னு..."

"கட்டில் இருக்கு. இடம் இல்ல." அக்கா குரலை உயர்த்தவில்லை. "உன்மேல கோவம் இல்ல. உன் துணியில ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் எங்க கதை முடிஞ்சுது. ஒண்ணு வந்தா போதும், அது ஊரைக் கூட்டிட்டு வந்துடும். நீ போ."

ஜொனாகி சரியென்று தலையாட்டினாள். ஆட்டிய தலை அப்படியே தொங்கிவிட்டது. நின்றபடியே தூங்கிவிட்டாள். முழங்கால் மடிந்து முன்னால் சரிந்தவளை, அக்கா யோசிக்காமல் இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அக்காவின் சட்டைமேல் அந்தப் பெண்ணின் கன்னம் அழுந்திக் கிடந்தது.

"போச்சு," என்றாள் ரெஹ்னுமா மெதுவாக.

"ஆமா, போச்சு," என்று அக்கா என் பக்கம் திரும்பினாள். "இனி நானும் குளிக்கணும். லிபிகா, மொர்ஜினா சின்னம்மாகிட்ட போய்ப் பெரிய அண்டாவை வாங்கி அடுப்புல தண்ணி வைக்கச் சொல்லு. ரெஹ்னுமா, உன் நைட்டி ஒண்ணு குடு. வெளுத்தது போதும்."

சமையல்கட்டில் விடுதிச் சமையல்காரி மொர்ஜினா சின்னம்மா அண்டாவை எட்டிப் பார்த்தாள். "என்னடி வேகுது இதுல?"

"சுரிதார் குழம்பு," என்றேன். "உப்பு பார்க்கிறீங்களா சின்னம்மா?"

"நான் வைக்கிற பருப்புத் தண்ணிக்கு இது எவ்வளவோ தேவலை," என்று சொல்லிவிட்டு அவளே ஒரு கட்டையால் கிளறிவிட்டாள்.

அக்கா ஜொனாகியைத் தானே குளிப்பாட்டினாள். தலையைச் சீப்பால் வாரி, காதுக்குப் பின்னால், விரலிடுக்கில் எல்லாம் பார்த்து, துவட்டி, நைட்டியைப் போட்டுவிட்டாள். நாங்கள் பலகைகளைத் துணியிலிருந்து எடுத்து நாலாவது கட்டிலைப் பொருத்தினோம். ஜொனாகி படுத்தாள். படுத்ததை அவள் அறிந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் அக்கா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு டார்ச்சோடு காவல் இருந்தாள். விரிப்பில் ஒரு கறுப்புப் புள்ளி ஊர்ந்தால் பிடித்துவிட வேண்டும் என்று கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். பிறகு டார்ச் மடியில் சாய்ந்தது. பிறகு பூச்சியைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் பஞ்சு உள்ளே வந்து மின்விசிறிக் காற்றில் சுற்றி, கட்டிலுக்கு மேலே வட்டமாக மிதந்தது. ஜொனாகியின் மூச்சு மணல்மேட்டில் தண்ணீர் ஏறி இறங்குவது போல, அவசரமே இல்லாமல் வந்துபோயிற்று.

நடுவில் அவள் பேசினாள். "கயிறு... கயிறை அவுத்துராதீங்க."

அவள் ஆற்றுக்கு நடுவிலிருக்கும் மணல் தீவிலிருந்து வந்தவள். ஆறு கரையைத் தின்னத் தின்ன அவர்கள் வீடும் ஒவ்வொரு இடமாக நகரும். வீட்டைப் பிரித்துப் படகில் ஏற்றிக் கட்டிக்கொண்டு போவார்கள். அப்படி ஒரு படகில் இப்போது போய்க்கொண்டிருந்தாளோ என்னவோ.

"அவுக்கல. தூங்கு," என்று ரெஹ்னுமா அவளுக்குப் பதில் சொன்னாள். ஜொனாகி "ம்" என்றாள்.

செய்தி பரவிவிட்டது. ஒவ்வொருத்தியாக வந்து வாசலில் நின்று பார்த்தார்கள். யாரும் உள்ளே வரவில்லை, சுவரில் சாயவும் இல்லை. தூங்குகிறவளைப் பார்ப்பதற்கு இவ்வளவு பேர் வந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. பசியோடிருப்பவர்கள் அடுத்தவன் சாப்பிடுவதைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். ஆனால் பொறாமை இல்லை. "அடியே, எவ்வளவு அழகா தூங்குறா பாரேன்," என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் நின்றவர்களுக்கும் கண் சொருக ஆரம்பித்தது. சாயங்காலத் தொழுகை அழைப்பு வந்தது, போயிற்று. மறுநாள் சூரியன் மணல்மேல் வெள்ளையாக ஏறியபோதுதான் ஜொனாகி கண் விழித்தாள்.

உளுந்து ரொட்டியும் சுட்ட கத்தரிக்காய் மசியலும் வாங்கி வந்து கொடுத்தோம். பச்சை மிளகாயைக் கடித்துக் கடித்து மூன்று ரொட்டியையும் தின்றாள்.

"எப்படிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"கரை தட்டின மாதிரி இருக்கு," என்றாள்.

கோஹினூர் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைத் துடைத்தாள். ஜன்னலில் அழுக்கே இல்லை.

மறுநாள் வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். அதற்கு மறுநாள் ஐந்து பேர். அக்கா கத்தினாள். "இது என்ன தர்ம சத்திரமா? போங்கடி எல்லாரும்!" கத்திவிட்டு அண்டாவை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அதன் பிறகு மத்தியானத்துக்கு மத்தியானம் ஒருத்தி என்று முறை வந்தது. குளித்து, வெந்த துணிக்குப் பதில் எங்கள் துணியை உடுத்திக்கொண்டு, நாலாவது கட்டிலில் ஒருத்தி தூங்குவாள். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதம். பாப்ரி என்றொருத்தி தூக்கத்தில் கணக்குப் பாடம் சொல்வாள், எல்லாமே தப்பு விடை. இன்னொருத்தி சிரிப்பாள். நாங்கள் மூவரும் அந்த நேரத்தில் சத்தம் போடாமல் நடக்கப் பழகிவிட்டோம். புத்தகம் புரட்டினால்கூட மெல்லப் புரட்டுவோம். அந்த மத்தியானங்களில் அறை யாருடையது என்பதே எனக்கு மறந்துவிடும்.

ஒருநாள் துணி காயப்போடும்போது அக்காவே சொன்னாள்.

"நானும் முதல் வருஷம் கூட்ட அறையிலதான் இருந்தேன். லீவுக்கு நௌகாவ்ல எங்க அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு அப்போ கல்யாணமாகி நாலு மாசம்கூட ஆகல. என் பையை அவ கட்டில் மேலதான் வச்சேன்." துணியை உதறினாள். "நான் திரும்பி வந்தப்புறம் அவ மாமியார் வீடு முழுக்கப் பூச்சி ஆயிடுச்சு. 'உன் தங்கச்சி படிச்சுட்டு வந்தது இதைத்தானா'ன்னு அவளை ஒரு வருஷம் குத்திக் காட்டினாங்க. அவ என்னை ஒண்ணும் சொல்லல. ஆனா அப்புறம் 'வா'ன்னும் சொல்லல. நானும் போகல."

"நீங்க வேணும்னேயா கொண்டு போனீங்க?" என்று கேட்டேன்.

"பூச்சிக்கு அது தெரியுமா?" என்றாள்.

பூச்சி வந்தது. ஒரு விடியற்காலையில் அக்கா தன் விரிப்பைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் துணியில், துவரம்பருப்பு அளவுக்குக்கூட இல்லை, ஒன்று ஊர்ந்தது. வேறு யார் கட்டிலிலும் இல்லை, அவள் கட்டிலில். ரெஹ்னுமா அழுதுவிட்டாள். "நாமதான் இடம் குடுத்தோம். நாமளே கூப்பிட்டு உள்ள விட்டோம்," என்றாள். அன்று மத்தியானம் யாரும் வரக் கூடாது என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று நானும் நினைத்தேன். அக்கா அந்தப் பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, வெகு நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பாப்ரி ஓடி வந்தாள். கையில் ஒரு சிறு அலுமினிய டப்பா. "அக்கா, இனி யாரும் இங்க வந்து தொந்தரவு பண்ண மாட்டோம். எங்க மாமா நெல் குடோன்ல வேலை செய்யறாரு. மூட்டைக்கு நடுவுல போடுற மாத்திரை. ரூமைச் சாத்திட்டு நாலு மூலையில வச்சா எல்லாம் செத்துடுமாம்."

அக்கா எழுந்து வந்து டப்பாவைப் பிடுங்கினாள்.

"எங்க வச்சீங்க? ஏற்கெனவே வச்சுட்டீங்களா?"

"இல்லக்கா, ராத்திரி படுக்கும்போது..."

"படுக்கும்போதா! மக்கு, இது விஷப் புகையா வரும். பூச்சி எந்திரிக்காது, சரி. நீங்களும் எந்திரிக்க மாட்டீங்க. உன்னோட இருபத்தஞ்சு பேரும் எந்திரிக்க மாட்டீங்க." பாப்ரியின் கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள், அடிக்கப் போகிறாளா கொஞ்சப் போகிறாளா என்று தெரியாத பிடி. பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு ரூமை மட்டும் காப்பாத்த முடியாதுடி. காப்பாத்திட்டதா நினைச்சுட்டு இருந்தேன். கீழ இருக்கிறவரைக்கும் மேலயும் வரும். வாங்க என்கூட."

வார்டன் ஹஸ்னா ஹேனா மேடம் விடுதி வளாகத்திலேயே குடியிருந்தார். எப்போது போய்ச் சொன்னாலும் ஒரே பதில்தான்: "நம்ம விடுதியில மூட்டைப்பூச்சியா? சுத்தமா இருக்கிறவங்களுக்கு அது வராது." அன்றைக்கும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தார். அக்கா டப்பாவை அவர் மேஜைமேல் வைத்து, அது என்ன, எங்கே வைக்கவிருந்தார்கள் என்று மட்டும் சொன்னாள். மேடம் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். தோட்டக்காரரைக் கூப்பிட்டு, விவசாய ஆபீஸில் பத்திரமாகக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்.

"சரி, என்னதான் பண்ணணும்ங்கிற?"

"மொட்டை மாடிச் சாவி குடுங்க மேடம். எல்லா மெத்தையையும் ஒரே நாள்ல வெயில்ல போடணும். அந்த நேரத்துல கட்டில், இடுக்கு எல்லாத்துலயும் வெந்நீர் ஊத்தி சுண்ணாம்பு அடைக்கணும். ஒரே நாள்ல. ரூம் ரூமா செஞ்சா அது பக்கத்து ரூமுக்குப் போய் விருந்து சாப்பிட்டுட்டுத் திரும்பி வரும்."

"மாடியில கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக்கூட வராது. விழுந்து வச்சா யார் பதில் சொல்றது? மேல போகவே கூடாது. கீழ எங்க வேணும்னாலும் போட்டுக்கோங்க."

கீழே எங்கே? முற்றம் முழுக்க மாமரம், வெயில் தரையைத் தொடாது. பின்னால் நின்ற ஜொனாகி கூச்சத்தோடு கேட்டாள்.

"மேடம், ஆறும் கீழதானே இருக்கு?"

வெள்ளிக்கிழமை காலை, மணல் சூடேறுவதற்கு முன்பே நாங்கள் கரைமேட்டில் ஏறினோம். ஆளுக்கொரு மெத்தை தலையில். கூட்ட அறைக்காரர்களின் பாய், தலையணை, புடவைகளை அடுக்கித் தைத்த போர்வைகள் எல்லாம் பாலிதீன் பையில் கட்டி வந்தன, வழியில் ஒன்றும் உதிரக் கூடாதென்று. இலவ மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பஞ்சைக் கலைத்துக்கொண்டு அந்த ஊர்வலம் ஆற்றுக்குள் இறங்கியது. ஜொனாகி முன்னால் நடந்தாள். மணலில் எங்கே கால் புதையும், எங்கே நிற்கும் என்று அவளுக்குப் பழக்கம்.

துறையில் படகுக்காரர்கள் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "என்ன தாயிங்களா, விடுதி காலியா? எந்தத் தீவுக்குக் குடிபோறீங்க?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"உங்க வீட்டுக்குத்தான் பெரியப்பா," என்றாள் ரெஹ்னுமா. "பெரியம்மாகிட்ட சொல்லி நூறு பேருக்கு உலை வைக்கச் சொல்லுங்க."

"அவ என்னையே உலையில போட்டுருவா, போ," என்று சிரித்துவிட்டு, மெத்தைகளின்மேல் மூட அவரே கறுப்புத் தார்ப்பாய்கள் எடுத்துக் கொடுத்தார்.

பாதிப் பேர் விடுதிக்குத் திரும்பி வெந்நீரும் சுண்ணாம்புமாக வேலையைத் தொடங்கினார்கள். மீதிப் பேர் மணலில். உச்சி ஏற ஏற மணல் காலை வைக்க முடியாதபடி கொதித்தது. தார்ப்பாயைத் தூக்கி மெத்தையைப் புரட்டும்போது, தையலிலிருந்து அவை வெளியே வந்தன. ஓடின. மணலில் விழுந்ததும் ஓட்டம் நின்றது. எத்தனை ராத்திரி எங்கள் பெண்களைத் தூங்கவிடாமல் அடித்தவை, கடுகு சிந்தியது போல் அங்கங்கே கிடந்தன. பாப்ரி முதலில் கை தட்டினாள். பிறகு அவளும் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் ஹஸ்னா ஹேனா மேடம் குடையோடு கரைமேட்டில் தோன்றினார். பின்னாலேயே மொர்ஜினா சின்னம்மாவும் தோட்டக்காரரும் ஒரு பெரிய இரட்டை மெத்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மேடம் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"சும்மாதான். வெயில் பட்டா நல்லதுன்னு..." என்றார்.

"ஆமா மேடம், சுத்தமா இருக்கிறவங்க மெத்தைக்கும் வெயில் நல்லதுதான்," என்றாள் ரெஹ்னுமா. அக்கா அவள் காலை மிதித்தாள். மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனார். அதன் பிறகு எங்களோடு உட்கார்ந்து மாங்காயைக் கடுகு விழுதில் தொட்டுத் தின்றார்.

கவிழ்த்துப் போட்ட படகுகளின் நிழலில் நாங்கள் எல்லாரும் ஒண்டிக்கொண்டோம். எதிரே வெள்ளை மணல் முழுக்கக் கறுப்புத் தார்ப்பாய்கள், ஒன்றின் பின் ஒன்றாக, கானலில் மெல்ல மிதப்பது போல் தெரிந்தன. நீலக் கோடு கிட்டே வந்தது, விலகிப் போனது. மேட்டிலிருந்து பஞ்சு பறந்து வந்து எங்கள்மேல் இறங்கியது. ஒருத்தி மற்றவள் தோளில் சாய்ந்தாள், அவள் இன்னொருத்தி மடியில். யாரும் யாரையும் தள்ளவில்லை. யார் பை யார்மேல் கிடக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. நான் கண் மூடுமுன் கடைசியாகப் பார்த்தது கோஹினூர் அக்காவை. எங்கள் அத்தனை பேருக்கும் நடுவில், வெறும் மணலில், கையைத் தலைக்கு வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை மாசம் ஒரே அறையில் இருந்தும் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடவில்லை. அடுத்த வாரம் கூட்ட அறையில் குஞ்சுகள் தெரிந்தன. "முட்டைக்கு வெயில் பத்தல," என்று அக்கா சொன்னாள். மறுபடியும் மணலில் இறங்கினோம். மூன்றாவது முறை இறங்கும்போது படகுக்காரக் கிழவரே தார்ப்பாய்களை விரித்துவைத்துக் காத்திருந்தார். ஊரிலிருந்து திரும்பி வருகிறவள் பையை முதலில் வெயிலில் வைத்துவிட்டுக் குளித்தபின்தான் உள்ளே வரவேண்டும் என்று மேடமே அறிவித்தார், தன் யோசனை என்கிற மாதிரி. நாங்களும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். நாலாவது கட்டிலை ஜொனாகிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

வைசாகப் புத்தாண்டு லீவில் கோஹினூர் அக்கா நௌகாவ் போனாள். துணியை எல்லாம் அவித்து, ஒரு புதுப் பையில் வைத்து எடுத்துப் போனாள். திரும்பி வரும்போது பொரி உருண்டை கொண்டு வந்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்று ரெஹ்னுமா கேட்டாள்.

"நான் அடிபம்புக்கிட்ட நின்னு, குளிச்சுட்டுத்தான் உள்ள வருவேன்னேன். அவ மாமியார் பதறிப் போய் வெளிய வந்து, 'ஈரத்தோட நிக்காதே, சளி பிடிக்கும்'னு திட்டினாங்க. எங்க அக்கா வந்து என் தலையைத் துவட்டிவிட்டா." பொரி உருண்டையை ஆளுக்கொன்றாக நீட்டினாள். "ரொம்ப நேரம் துவட்டிட்டே இருந்தா."

முதல் பெருமழை ஜூன் தொடக்கத்தில் வந்தது. விடியும் முன் இடியோடு இறங்கி, ஜன்னலுக்கு வெளியே மணல், மரம், மேடு எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறமாக்கிவிட்டது. வெகு நாள் கழித்து ஆற்றின் சத்தம் கேட்டது. அன்று காலை மணி அடித்தது எனக்கு நினைவில்லை, யாருக்குமே நினைவில்லை. கல்லூரியில் முதல் வகுப்புக்கு எங்கள் விடுதியிலிருந்து ஒருத்திகூடப் போகவில்லை.

மொர்ஜினா சின்னம்மா பின்னால் சொன்னாள். மேடம் கோபத்தோடுதான் வந்தாராம். கூட்ட அறைக் கதவைத் திறந்தாராம். உள்ளே இருட்டில் அத்தனை பெண்களும் விளக்கை அணைத்துவிட்டு, ஒருத்திமேல் ஒருத்தி காலைப் போட்டுக்கொண்டு, மழை ஓசைக்குள் கிடந்தார்களாம். மேடம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாராம். பிறகு கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, இரண்டாவது மணியை அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.